ராக்கோவும் நார்பும், மூன்றிலிருந்து ஏழு வரை

2004 ஜனவரி 12, திங்கள்

ஏரியிலிருந்து அடித்த பனி காலையில் கார் கதவின் பாதி உயரத்துக்குக் கிடந்தது. ஒரு மணி நேரம் வாரித் தள்ளினேன். இடுப்பு போச்சு. வானொலி ஸ்டுடியோவுக்குள் நொண்டிக்கொண்டே போனதைப் பார்த்து ராக்கோ மைக்கைத் திறந்த கையோடு ஆரம்பித்துவிட்டான்: "நேயர்களே, நம்ம நார்ப் இன்னைக்கு உள்ள வர்ற அழகைப் பாக்கணுமே. எங்க மாமியாரு இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு வந்தப்போ இதைவிட ஸ்டைலா நடந்தாங்க."

நம் ஊர் ஐஸ் ஹாக்கி அணியின் கோல்கீப்பரைப் பற்றித்தான் நான்கு மணி நேரமும். கடைசி ஒன்பது ஆட்டங்களில் அவன் விட்ட கோல்களில் பாதிக்கு மேல் இடது பக்கம். என் புள்ளிவிவர அட்டையில் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். ராக்கோ அட்டையைப் பிடுங்கிக்கொண்டான். "அட்டை என்னடா சொல்லும்? அவன் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. சோறு தண்ணி ஒழுங்கா இல்லாதவன் கண்ணுக்கு வட்டு எங்க தெரியும்?" உடனே எல்லா போன் லைன் விளக்கும் எரிய ஆரம்பித்தது. தினம் கூப்பிடும் சீக்டோவாகா எல்மர் சொன்னார்: "ராக்கோ சொல்றதுதான் சரி. நார்புக்குக் கல்யாணம் ஆனதே அட்டையோடதானே."

நானும் சிரித்தேன். பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். அவன் ஊரைச் சிரிக்க வைப்பான், நான் கணக்கு சொல்வேன்.

ஜனவரி 20, செவ்வாய்

காலை பதினோரு மணிக்கு டாட் ஹென்ஸ்லி கூப்பிட்டனுப்பினார். புது முதலாளிகள் வந்ததும் வந்த மேலாளர். என் மகன் வயதுதான் இருக்கும். கதவைச் சாத்தினார்.

"நார்ப், பிப்ரவரி பதினாறுலருந்து மூணு டு ஏழு உங்க பேர்ல. நார்ப் ஸீலாக் நிகழ்ச்சி. நீங்க மட்டும்."

"ராக்கோ?"

"அவர் ஒப்பந்தம் பதிமூணாம் தேதியோட முடியுது. புதுப்பிக்கலை. அன்னைக்கு நிகழ்ச்சி முடிஞ்சதும் நானே சொல்லிக்கிறேன்."

ஏன் என்று கேட்டேன். ஆய்வு நடத்தியிருக்கிறார்களாம். இளம் வயதுக்காரர்களுக்கு விஷயம் தெரிந்தவர் வேண்டுமாம், கதை சொல்கிறவர் வேண்டாமாம். பிறகு ஒரு தாளை நகர்த்தினார். இது வெளியே போனால் எனக்கும் இடமில்லை என்று அதில் இருந்தது. வக்கீல் எழுதியதுபோல் வளைத்து வளைத்து எழுதியிருந்தாலும் அர்த்தம் அதுதான்.

கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவி லொரைனிடம் சொன்னேன். அவள் பாத்திரம் துடைப்பதை நிறுத்தவில்லை. "இன்னைக்கே போய் ராக்கோகிட்ட சொல்லு" என்றாள். தாளைப் பற்றிச் சொன்னேன். "தாளை நீ இன்னைக்குத்தான் பாத்த. ராக்கோவை எத்தனை வருஷமா பாக்கறோம்?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

இங்கே யாரும் படிக்கப் போவதில்லை, ஆகவே எழுதி வைக்கிறேன். 'நார்ப் ஸீலாக் நிகழ்ச்சி' என்று டாட் சொன்னபோது என் காது சூடானது. எனக்குப் பிடித்திருந்தது.

ஜனவரி 21

சொல்லவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை. விளம்பர இடைவேளையில் வாய் திறந்தேன். அவன் மாட்டிறைச்சி ரொட்டியை வாய் நிறைய வைத்துக்கொண்டு, குதிரைமுள்ளங்கிக் காரம் ஏறிக் கண்ணில் தண்ணீர் வழிய, "என்ன?" என்றான். "உதட்டுல ஒட்டியிருக்கு" என்றேன்.

ஜனவரி 25, ஞாயிறு

எனக்கு மைக் கொடுத்ததே அவன்தான். 1985. நான் செய்தித்தாளில் ஆட்ட முடிவுகளைத் தொகுப்பவன். வானொலியில் வாரம் ஒரு முறை போய் அவற்றை வாசிப்பேன், கொசு கத்துகிற மாதிரி ஒரு குரலில். ராக்கோ அப்போதுதான் சின்ன லீகில் மூக்கு உடைந்து ஆட்டத்தை விட்டிருந்தான். நிலையத்தில் அவனுக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். நான் வாசித்துவிட்டு எழுந்தபோது தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தான். "இவ்ளோ தெரிஞ்சு வச்சிருக்க, எங்கிட்ட சண்டை போடாம எங்க போற?"

அதற்கு முன்னால் யாரும் என்னை எதற்கும் உட்காரச் சொன்னதில்லை.

ஜனவரி 28, புதன்

எப்படி எழுதுவது?

நிகழ்ச்சிக்கு முன்னால் காபி எடுத்துக்கொண்டிருந்தோம். ராக்கோ சாதாரணமாகச் சொன்னான், பனி பெய்யும் என்று சொல்கிற மாதிரி. டெட்ராய்ட்டில் ஒரு நிலையம் அவனைக் கேட்டிருக்கிறது. மாலை நிகழ்ச்சி. மூன்று வருஷம். வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். மகள் அங்கேதான் இருக்கிறாள், அக்டோபரில்தான் அவளுக்குக் குழந்தை பிறந்தது.

"காலைல போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"ஏனா? உன்னைத் தனியா விட்டா அட்டைய வச்சே இந்த ஊரைத் தூங்கப் போட்டுருவ. தெரேசாதான் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா. பேத்தி பக்கத்துல இருக்கலாம்னு பாத்தா. சரியாயிருவா."

முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போனான்.

எட்டு நாள். எட்டு நாள் முன்னாடி வாயைத் திறந்திருந்தா அவன் இப்ப பெட்டி கட்டிக்கிட்டிருப்பான். நான் என்ன மனுஷன்?

வெள்ளி வரை நேரம் இருக்கிறது. அவர்கள் அதற்குள் வேறு ஆளைப் பிடித்திருக்க மாட்டார்கள். நாளைக் காலை போய்ச் சொல்லிவிடுகிறேன். வேலை போனால் போகட்டும்.

ஜனவரி 29, வியாழன்

போனேன்.

ராக்கோ கீழறையில் அலமாரி அடித்துக்கொண்டிருந்தான். சுத்தியல் சத்தம் மேலே கேட்டது. அவன் மனைவி தெரேசா சமையலறையில் இருந்தாள். கேட்காமலே ஒரு தட்டில் மக்ரோனி வைத்துக் கொடுத்தாள். கண் வீங்கியிருந்தது.

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "நீயாவது சொல்லேன், நார்ப். நாளைக்கு வரைக்கும் டைம் இருக்கு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறான். நீ ஒரு வார்த்தை போன்னு சொன்னா போயிருவான். எனக்காகச் சொல்லு."

எவ்வளவு சுலபம். 'போ' என்றால் போதும். தாளையும் மீற வேண்டாம், ரகசியத்தையும் உடைக்க வேண்டாம். டாட்டுக்குத் தெரியவே போவதில்லை.

நான் சொன்னது இது: "அது அவன் இஷ்டம், தெரேசா."

ஏன் அப்படிச் சொன்னேன்? காரிலேயே உட்கார்ந்து யோசித்தேன், இப்போதும் யோசிக்கிறேன். 'போ' என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். ராக்கோவிடம் நான் பொய் சொன்னால் பிடித்துவிடுவான். அது ஒரு காரணம். இன்னொன்று, அவன் டெட்ராய்ட்டில் ஜெயித்துவிட்டால்? ஊர் முழுக்க, நல்ல ஆளாகப் பார்த்துத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள், மிச்சம்தான் நமக்கு என்று சொல்லுமே. அந்த நினைப்பும் இருந்தது. இருந்தது என்று எழுதிவிட்டேன், இனி அதை அடித்து அழிக்க மாட்டேன்.

கீழே இறங்கி ஒரு பலகையை அவனுக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். "நேரா பிடிடா" என்றான்.

ஜனவரி 30

ஐந்து மணி தாண்டியது. அவகாசம் முடிந்தது. அந்த நேரம் ஒளிபரப்பில் இருந்தோம், அவன் ஏதோ ஜோக் சொல்லிக்கொண்டிருந்தான்.

லொரைன் என் முகத்தைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 5, வியாழன்

போட்டோ எடுத்தார்கள். நெடுஞ்சாலை விளம்பரப் பலகைக்காக. கோட்டு மாட்டி, கையைக் கட்டி, "கொஞ்சம் திமிரா பாருங்க சார்" என்றான் போட்டோக்காரன். எனக்குத் திமிர் வரவில்லை. நாற்பது படம் எடுத்தான். கடைசியில், "ராக்கோ எப்ப வருவாரு? அவரு வந்தா நீங்களே சிரிச்சிருவீங்க" என்றான்.

பிப்ரவரி 13, வெள்ளி

எல்லாம் முடிந்துவிட்டது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஐந்தே கால் மணி. அழைப்புகளைப் பிரித்துத் தரும் டெனீஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரலைக் காட்டினாள். மூன்றாவது லைன், லாக்கவானாவிலிருந்து வாரன், தடுப்பாட்டம் பற்றிப் பேசணுமாம். ராக்கோ எடுத்தான்.

"ராக்கோ தலைவரே, முதல் தடவையா கூப்பிடறேன். நான் போஸ்டர் ஒட்டறவன். திங்கக்கிழமை ஒட்டறதுக்கு ஒண்ணு வண்டியில கெடக்கு. நம்ம நார்ப் படம் போட்டது."

ராக்கோவுக்கு ஒரே குஷி. "ஐயோ, அந்த மூஞ்சியையா? ரோட்டுல விபத்து நடக்காதா?"

"இல்ல தலைவரே, அதுல நார்ப் மட்டும்தான் இருக்காரு. மூணு டு ஏழு, நார்ப் ஸீலாக்னு போட்டிருக்கு. உங்களைக் காணோம். அதான் கேக்கலாம்னு... உங்களுக்கு வேற போர்டா?"

ராக்கோ சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினான். "என்னடா, என்னை விட்டுட்டுத் தனியா படம் பிடிச்சுக்கிட்டியா?"

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். அச்சுப் பிழை என்று சொல்லியிருக்கலாம். ஒரு இருமல் இருமியிருக்கலாம். வானொலியில் என்ன வேண்டுமானாலும் உளறலாம், சும்மா மட்டும் இருக்கக் கூடாது. முதல் நாள் அவன் எனக்குக் கற்றுத் தந்த பாடம் அது.

நான் சும்மா இருந்தேன். டெனீஸ் பிறகு சொன்னாள், நான்கு விநாடி என்று. அந்த நான்கு விநாடியில் ராக்கோவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை.

பிறகு மைக்குக்குக் குனிந்தான். "வாரன், நம்ம நார்ப் வெக்கப்படறான். முதல் தடவையா அழகா இருக்கேன்னு நம்பிட்டான் போல. விளம்பரத்துக்கு அப்புறம் பாப்போம்."

விளம்பர இடைவேளையில் தண்ணீர் குடித்தான். மீண்டும் மைக் திறந்தது. மிச்சம் ஒன்றரை மணி நேரம் என் வாழ்க்கையிலேயே அவன் அவ்வளவு நன்றாகப் பேசி நான் கேட்டதில்லை. எல்மர் சிரித்துச் சிரித்துப் பேச முடியாமல் போனை வைத்துவிட்டார். என்னையும் இழுத்து இழுத்துப் பேச வைத்தான், ஓர் இடத்தில்கூட என்னைத் தடுமாற விடவில்லை.

ஏழு மணிக்கு ஹெட்போனைக் கழற்றினான்.

"எப்போலருந்து தெரியும்?"

"ஜனவரி இருபது."

கொஞ்சம் யோசித்தான். "டெட்ராய்ட்டுக்கு முன்னாடி."

"முன்னாடி."

"அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்தியே. அலமாரி அடிக்கறப்போ."

"ஆமா."

திட்டுவான் என்று காத்திருந்தேன். அடிப்பான் என்றுகூட. "சரி" என்றான். கோட்டை எடுத்துக்கொண்டான். டாட் கதவருகே ஒப்பந்தம் முடிந்ததென்ற தாளோடு நின்றிருந்தார். ராக்கோ அதைப் படிக்காமலே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தான். டெனீஸ் அழுதாள். நான்தான் அந்த லைனைக் கொடுத்தேன், நான்தான் கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள்மேல் என்ன தப்பு?

பிப்ரவரி 16, திங்கள்

முதல் நாள். தனியாக. அவன் நாற்காலியை எடுத்துவிட்டிருந்தார்கள். நான் எடுக்கச் சொல்லவில்லை.

ஒரு ஜோக் சொன்னேன். அறையில் யாரும் இல்லாததால் சிரிப்பும் இல்லை. அது முடிந்துவிட்டது என்பதே கேட்பவர்களுக்குத் தெரிந்திருக்காது.

மார்ச் 6, சனி

லொரைன் மளிகைக் கடையில் தெரேசாவைப் பார்த்திருக்கிறாள். பன்னிரண்டு வருஷமாக இருவரும் வியாழக்கிழமை சேர்ந்து போலிங் ஆடப் போவார்கள். போன மாதத்திலிருந்து இல்லை. லொரைன்தான் போய்ப் பேசியிருக்கிறாள்.

தெரேசா சொன்னதை அப்படியே வந்து சொன்னாள், என்னைப் பார்க்காமல்: "வேலை போனதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை லொரைன், அது கம்பெனிக்காரன் புத்தி. ஆனா என் அடுப்படியில நின்னு, நான் போட்ட சோத்தைத் தின்னுக்கிட்டு, அவன் இஷ்டம்னு சொன்னான் பாரு. அதை எப்படி நான் முழுங்கறது?"

டெட்ராய்ட்காரர்களுக்கு ராக்கோ மறுபடி போன் செய்தானாம். ஆள் எடுத்தாகிவிட்டது என்றார்களாம்.

லொரைனிடம் நான் அந்த வார்த்தையைப் பற்றி மட்டும் அதுவரை சொன்னதே இல்லை. "நெசமாவா சொன்ன?" என்று கேட்டாள். ஆமா என்றேன். அவள் வாங்கிவந்த சாமான்களைப் பையிலிருந்து எடுத்து வைத்தாள், ஒவ்வொன்றாக, ரொம்ப நேரம்.

ஏப்ரல் 22

நேயர் எண்ணிக்கை கூடியிருக்கிறதாம். டாட் கை குலுக்கினார். என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள். தெரு முனையில் விபத்து நடந்தால் கூட்டம் கூடாதா?

ஜூன் 9, புதன்

நான்கு மாதத்துக்குப் பிறகு எல்மர் கூப்பிட்டார். டெனீஸ் எழுதிக் காட்டிய பெயரைப் பார்த்ததும் மற்ற லைன்களை விட்டுவிட்டு அதை எடுத்தேன். "எல்மர் ஐயா! எங்க போயிட்டீங்க? கோல்கீப்பரை மாத்தலாமா வேண்டாமா, சொல்லுங்க."

"கேள்வி ஒண்ணும் இல்லைப்பா. ராக்கோ எப்படி இருக்காருன்னு கேக்கத்தான் போட்டேன்."

"தெரியலைங்க" என்றேன். ஊர் முழுக்கக் கேட்டிருக்கும்.

"உனக்கே தெரியலையா" என்றார். கோபமாகக்கூட இல்லை. வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

கடிதம் எழுதினேன். ஆறு பக்கம். கிழித்தேன். மூன்று பக்கம். அதில் டாட்டைப் பற்றியும் தாளைப் பற்றியும்தான் நிறைய இருந்தது. அதையும் கிழித்தேன். கடைசியில் மூன்றே வரி. 'தெரிந்தே செய்தேன். பயம் மட்டும் காரணம் இல்லை, ஆசையும்தான். மன்னிப்புக் கேட்கிறேன்.'

தபாலில் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 30

பதில் இல்லை. இதற்கு என்ன பதில் எழுத முடியும்? நானாக இருந்தால் என்ன எழுதுவேன்?

2005 மார்ச் 3

எண்ணிக்கை இறங்கியிருக்கிறது. டாட், "கொஞ்சம் கலகலன்னு பேசுங்க நார்ப், கதை எதாவது சொல்லுங்க" என்கிறார்.

2005 அக்டோபர் 14, வெள்ளி

கதவைச் சாத்தினார் டாட். சாத்தும்போதே தெரிந்துவிட்டது.

திங்களிலிருந்து மூன்று டு ஏழு வேறு ஊரிலிருந்து வருகிறது. நாடு முழுக்க நூறு நிலையங்களுக்கு ஒரே ஆள். நம் ஊர் அணியின் பெயரை அவன் சரியாக உச்சரித்தாலே பெரிய விஷயம். "உங்க மேல தப்பில்ல, நார்ப்" என்றார். வேலையைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

அட்டைகளை ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். இருபது வருஷ அட்டைகள். டெனீஸ் கார் வரை தூக்கி வந்தாள். அப்போதுதான் சொன்னாள்: "ராக்கோ எங்க இருக்கார்னு தெரியுமா உங்களுக்கு? சனிக்கிழமை மதியம் டோனவாண்டா ஐஸ் மைதானத்துல பெண்பிள்ளைங்க ஆட்டத்துக்கு ஒலிபெருக்கில அறிவிப்பு சொல்றாரு. மத்த நாள் கார் விக்கறாரு. போய்ப் பாருங்க."

"போகச் சொல்றியா?"

"நான் என்ன சொல்ல. உங்க இஷ்டம்" என்றாள். அவளுக்கு அந்த வார்த்தையின் கதை தெரியாது. என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

2005 நவம்பர் 5

மைதான வாசல் வரை போய்த் திரும்பினேன்.

2005 நவம்பர் 19, சனி

இன்று உள்ளே போனேன்.

இருநூறு பேர் இருப்பார்கள். அம்மா அப்பாக்கள், போர்வையும் சூடான சாக்லேட்டுமாக. மேல் வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன். எதிர்ப்பக்கம் உயரத்தில் கண்ணாடி வைத்த சின்ன அறை. உள்ளே ராக்கோ. மெலிந்திருந்தான். தலை முழுக்க வெளுத்துவிட்டது.

ஆட்டம் ஆரம்பித்தது. அவன் குரல் கூரையில் மோதி இறங்கியது. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி கோல் போட்டதை, நாட்டுக்கே கோப்பை வாங்கித் தந்ததுபோல் அவள் பெயரை இழுத்துச் சொன்னான். அந்தப் பெண் மேலே பார்த்துக் கையாட்டினாள். எனக்கு முன்னால் இருந்த ஒரு தகப்பன் பக்கத்தில் இருந்தவரிடம், "இவருக்காகவே வரலாம்யா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. என்ன உரிமையில் என்று தெரியவில்லை, இருந்தது.

இரண்டாம் பகுதி நடுவில் அவன் தலையைத் தூக்கினான். நேராக என்னைப் பார்த்தான். ரொம்ப தூரம்தான், ஆனாலும் தெரிந்தது. நான் கையைத் தூக்கலாமா என்று யோசித்து, பாதி தூக்கி, மடியில் வைத்துக்கொண்டேன். ஆட்டம் முடிந்ததும் படியருகே போய் நிற்கலாம், அவன் இறங்கி வரும்போது பேசலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன பேசுவது என்று மனசுக்குள் அடுக்கினேன்.

ஆட்டம் ஒரு நிமிஷம் நின்றபோது ஒலிபெருக்கி திறந்தது.

"பார்வையாளர்கள் கவனத்திற்கு. சாம்பல் நிற பியூக் கார்." வண்டி எண்ணைச் சொன்னான். முழு எண்ணையும், எதையும் பார்த்துப் படிக்காமல். "முகப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருக்கின்றன. உரிமையாளர் தயவுசெய்து வெளியே செல்லவும்."

என் கார்.

எழுந்து படியிறங்கினேன். முழங்கால்களை ஒதுக்கி வழிவிட்டார்கள். ஒரு அம்மா, "பேட்டரி போயிரும், சீக்கிரம் போங்க" என்றாள். வாகன நிறுத்தத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. என் கார் நான் விட்ட இடத்தில் நின்றது.

விளக்கு எரியவில்லை.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். உள்ளேயிருந்து அவன் குரல் சுவர் வழியாகக் கேட்டது, யாரோ கோல் போட்டிருக்கிறார்கள். அந்தக் குரலில் கோபம் இல்லை. எனக்குச் சொன்னபோதும் இல்லை. இருநூறு பேருக்கு நடுவில் ஒருத்தருக்கும் தெரியாமல், என்னை அவமானப்படுத்தாமல், வெளியே அனுப்பினான். திரும்பி உள்ளே போயிருக்கலாம், டிக்கெட் கையில்தான் இருந்தது. போகவில்லை.

வீட்டுக்கு வந்தேன். லொரைன் வாசலிலேயே கேட்டாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"பேசினானா?"

"பேசினான்" என்றேன்.